நெட்டேட்டா: நாம் மாற்றிய கான்ஃபிக் ஃபைல்களை அப்டேட்டுக்குப் பின் எப்படிப் பராமரிக்கிறீர்கள்?

வணக்கம். எங்கள் உபுண்டு சர்வர்கள் எல்லாவற்றிலும், சர்வரின் நிலையைக் கண்காணித்து எச்சரிக்கும் நெட்டேட்டா ஓடுகிறது. அதோடு வரும் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைல்கள் யூஎஸ்ஆர் (/usr) ஃபோல்டர் பக்கம் இருக்கின்றன. அங்கே கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் மாற்றம் போய்விடும். அதனால் நெட்டேட்டாவின் எடிட்-கான்ஃபிக் ஸ்கிரிப்ட் மூலம் ஈடிசி (/etc) ஃபோல்டருக்குள் நகல் எடுத்துத்தான் மாற்றுகிறோம். அதுவரை சரி.

சிக்கல் அப்புறம்தான். பேக்கப் சர்வரில் டிஸ்க் எப்போதும் நிரம்பித்தான் கிடக்கும், 90 சதவீத எச்சரிக்கை அங்கே வெறும் தொல்லை. அந்த ஒரு வரிக்காக டிஸ்க் அலர்ட் ஃபைல் முழுவதையும் நகலெடுத்தோம். இப்போது அதே பெயரில் ஈடிசி-யில் ஃபைல் இருப்பதால், மூல ஃபைலை நெட்டேட்டா படிப்பதே இல்லை. புதிய வெர்ஷனில் அந்த ஃபைலில் சேரும் அலர்ட்கள், திருத்தங்கள் எதுவும் எங்களுக்கு வராது. எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது என்பதுதான் வம்பு.

ஃபைல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) போட்டு, அப்டேட் ஆனதும் டிஃப் (வித்தியாசம்) பார்க்கலாம். ஒரு சர்வருக்குச் சரி, எல்லாவற்றுக்கும் கையால் ஆகாது. பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆன்சிபிளில் இதை யாராவது தானியங்கியாகச் செய்கிறீர்களா? மூல ஃபைல் மாறினால் மட்டும் தகவல் வந்தால்கூடப் போதும். பிளேபுக் (ஆன்சிபிளுக்கான வேலைப் பட்டியல்) மாதிரி இருந்தால் பகிருங்கள், பெரிய உதவியாக இருக்கும்.