ஹெட்ரெஸ்ட் இருந்தும் கழுத்தில் அடிபட்டது எப்படி?

முல்லைக்கொடி:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரத்துக்கு முன் சிக்னலில் நின்றிருந்தபோது பின்னால் வந்த வண்டி எங்கள் காரில் மோதியது. பெரிய வேகமெல்லாம் இல்லை. பம்பரில் ஒரு கீறல், நம்பர் பிளேட் கொஞ்சம் வளைந்தது, அவ்வளவுதான். இறங்கிப் பார்த்துவிட்டு, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று கிளம்பிவிட்டோம்.

மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பின்மண்டையைத் தாங்கிப் பிடித்துத்தான் எழுந்தேன். டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை, இது விப்லாஷ் (கழுத்து சட்டென்று உதறி வளைவதால் வரும் காயம்) என்றார். இப்போது முக்கால்வாசி தேவலை. ரிவர்ஸ் எடுக்கத் திரும்பும்போது மட்டும் வலது பக்கம் சுரீரென்று பிடிக்கிறது.

சீட்டில் ஹெட்ரெஸ்ட் இருந்தது, பெல்ட்டும் போட்டிருந்தேன். பிறகு எப்படிக் கழுத்தில் அடிபட்டது? ஹெட்ரெஸ்ட் என்பது சாய்ந்து ஓய்வெடுக்க மட்டும்தானா?

நான் உட்காரும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். உயரம் 5 அடி 2 அங்குலம். கொண்டை போட்டு கிளிப் குத்துவேன். அது ஹெட்ரெஸ்டில் முட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் ஹெட்ரெஸ்டை அடிவரை இறக்கி, சீட்டையும் கொஞ்சம் பின்னால் சாய்த்து வைத்திருந்தேன். கழுத்துக்கு என்று ஒரு குட்டித் தலையணையும் கட்டியிருந்தேன். 9 வயது மகனும் தினமும் இதே காரில்தான் பள்ளிக்கு வருகிறான். அதனால்தான் விடாமல் கேட்கிறேன்.

சீட்டுக்காரர்:

சகோதரி, முதலில் கழுத்து சீக்கிரம் குணமாகட்டும். நான் 19 வருடம் கார் சீட் தயாரிக்கும் இடத்தில் சோதனைப் பிரிவில் இருந்தவன். உங்கள் கடைசிப் பத்தியைப் படித்ததுமே மனசு கஷ்டப்பட்டது. நீங்கள் சொன்ன நான்கு விஷயமும் (இறக்கிய ஹெட்ரெஸ்ட், சாய்த்த சீட், கொண்டை, குட்டித் தலையணை) சேர்ந்து தலைக்கும் ஹெட்ரெஸ்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளியை உண்டாக்கிவிட்டன. நீங்கள் செய்தது அபூர்வமான தவறும் இல்லை. பாதிப்பேர் இப்படித்தான் உட்காருகிறார்கள்.

எங்கள் வேலை என்னவென்றால், தண்டவாளம் மாதிரி ஒரு பாதையில் ஓடும் மேடையில் சீட்டைப் பூட்டுவோம். அதில் பொம்மையை உட்கார வைத்து பெல்ட் போட்டு, பின்னாலிருந்து இடி வாங்கியது போல மேடையைச் சட்டென்று முன்னே தள்ளுவோம். வழக்கமான சோதனை ஒன்றில் சீட்டின் வேகம் ஒரே உந்தலில் மணிக்கு 16 கிலோமீட்டர் ஏறும். நின்றிருக்கும் காரை அதே எடையுள்ள இன்னொரு கார் 32 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இடித்தால் ஏறக்குறைய இதுதான் நடக்கும்.

கண்ணால் பார்த்தால் ஒரு ஆட்டம், அவ்வளவுதான் தெரியும். அதிவேகக் கேமராவில் எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போதுதான் வயிறு கலங்கும். பஸ் திடீரென்று கிளம்பினால் நிற்கிறவர்களின் கால் முன்னே போய்விடும், உடம்பு பின்தங்கும் இல்லையா? இங்கே அது கழுத்தில் நடக்கிறது. சீட் முதுகை முன்னே தள்ளுகிறது. நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. உடம்பு அதற்கு அடியிலிருந்து நழுவி முன்னே போகிறது. அப்போது கழுத்து ‘எஸ்’ எழுத்து மாதிரி வளையும். கீழ்ப்பகுதி பின்னால் மடியும், மேல்பகுதி முன்னால் மடியும். இயல்பாக நாம் எப்படித் திருப்பினாலும் கழுத்துக்கு அந்த வடிவம் வராது. கழுத்தெலும்புகளின் பின்பக்கத்தில் உள்ள சின்னச் சின்ன மூட்டுகளும் அவற்றைச் சுற்றிய உறையும் அந்த நேரத்தில்தான் நசுங்கி இழுபடுகின்றன. தலை பின்னால் சாய்வது அதற்கும் பிறகுதான்.

இதெல்லாம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கழுத்துத் தசை இறுகிப் பிடிப்பதற்கு அந்த நேரம் போதாது. ஆகவே அந்த நேரத்தில் உங்களைக் காக்கக்கூடியது சீட்டும் ஹெட்ரெஸ்டும் மட்டுமே. ஹெட்ரெஸ்ட் தலைக்கு நெருக்கமாக இருந்தால் முதுகும் தலையும் ஏறக்குறைய ஒன்றாக முன்னே போகும், கழுத்து வளைய இடமிருக்காது. தள்ளி இருந்தால் தலை ஹெட்ரெஸ்டைத் தொடுவதற்குள் கழுத்து வளைந்து முடிந்திருக்கும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

இறக்கி வைத்த ஹெட்ரெஸ்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அது மண்டையைத் தாங்காமல் பிடரியில் அண்டை கொடுத்துவிடும். தலை அதன் மேல் மல்லாந்து மடங்கும். குட்டித் தலையணையும் அதே வேலையைத்தான் செய்யும். தயவு செய்து அதை இன்றே கழற்றிவிடுங்கள்.

இந்தப் பிரச்சினை பழையது. அமெரிக்காவில் 1969 முதல் புதுக் கார்களின் முன் சீட்டுகளுக்கு ஹெட்ரெஸ்ட் கட்டாயமானது. அது எவ்வளவு பயன்பட்டது என்று அரசே ஆராய்ந்து 1982ல் வெளியிட்டது. சீட்டோடு சேர்ந்தே உயரமாகச் செய்யப்பட்ட ஹெட்ரெஸ்ட் பின்மோதல் காயங்களை 17 சதவீதம் குறைத்திருந்தது. ஏற்றி இறக்கும் வகை 10 சதவீதம்தான் குறைத்திருந்தது. வசதியான வகை ஏன் பின்தங்கியது? பெரும்பாலானவர்கள் அதை ஏற்றவே இல்லை, கடைசிவரை இறக்கியே வைத்திருந்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் பார்க்கிங்கில் நிற்கும் கார்களின் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், அதே காட்சிதான்.

இப்போது செய்ய வேண்டியது. ஹெட்ரெஸ்டின் மேல் விளிம்பு உங்கள் உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும். பின்மண்டைக்கும் அதற்கும் நடுவே நான்கு விரலைச் சேர்த்து வைத்த அகலத்துக்கு மேல் இடைவெளி கூடாது, அதாவது 7 சென்டிமீட்டருக்குள். 10ஐத் தாண்டினால் அது இருந்தும் பெரிய பயனில்லை. சீட்டை நிமிர்த்துங்கள். சாய்த்து வைத்தால், ரோட்டைப் பார்க்கத் தலையை நாமே முன்னால் நீட்டுவோம், இடைவெளி அங்கேதான் பிறக்கிறது. முடியை ஓட்டும்போது தாழ்வாகப் பின்னிக்கொள்ளுங்கள்.

நெட்டையன்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் 6 அடி 2. ஹெட்ரெஸ்டை முழுக்க ஏற்றினாலும் காதுக்குக் கொஞ்சம் மேலே வரைதான் வருகிறது. அதைவிட, அது தலையை முன்னால் தள்ளுகிற மாதிரி இருந்ததால் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டேன். இரண்டு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன், ரொம்ப வசதியாக இருக்கிறது. அண்ணா, இதில் ஏதும் தப்பு இருக்கிறதா?

சீட்டுக்காரர்:

இருக்கிறது தம்பி, இன்றே திருப்பிப் போடுங்கள். அந்த முன்வளைவே இடைவெளியைக் குறைக்கத்தான். திருப்பி மாட்டினால் உள்ளே பிடிக்கும் பூட்டும் சரியாக விழாமல் போகலாம். தலையைத் தள்ளுகிறது என்றால் முதுகுச் சாய்மானத்தை ஒரு பல்லோ இரண்டு பல்லோ பின்னால் விடுங்கள், போதும்.

உயரம் போதாத விஷயத்தில், மேல் விளிம்பு உச்சந்தலைக்கு 6 சென்டிமீட்டர் கீழே வரை இருந்தால் நல்ல மதிப்பீட்டுக்குள் வந்துவிடும். முழுக்க ஏற்றி, பூட்டு விழுந்ததா என்று கையால் அழுத்திப் பாருங்கள். அப்புறம் இடைவெளியை எவ்வளவு குறைக்க முடியுமோ குறையுங்கள். உயரம் கொஞ்சம் குறைந்தாலும் நெருக்கம் ஓரளவு ஈடு செய்யும். அடுத்த கார் வாங்கும்போது ஷோரூமிலேயே உட்கார்ந்து இதைப் பாருங்கள். மியூசிக் சிஸ்டத்தை அப்புறம் பார்க்கலாம்.

பிசியோ அக்கா:

முல்லைக்கொடி, கழுத்து வலியோடு வருபவர்களைத் தினமும் பார்க்கிறவள் என்ற முறையில் இரண்டு வார்த்தை. மோதிய அன்று வலியில்லாமல் மறுநாள் வலிப்பது ரொம்ப சகஜம். “ஒன்றும் ஆகவில்லை” என்று ரோட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன்.

1995ல் கனடாவின் கேபெக் மாகாணத்துப் பணிக்குழு விப்லாஷை 0 முதல் 4 வரை தரம் பிரித்தது. வலி, விறைப்பு மட்டும் என்றால் 1. கழுத்து திரும்பும் அளவு குறைந்து, தொட்டாலும் வலித்தால் 2. கையில் மரத்துப்போதல், பிடிமானம் குறைதல் மாதிரி நரம்பு அறிகுறி வந்தால் 3. எலும்பு முறிந்தாலோ விலகினாலோ 4. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் 2 மாதிரி தெரிகிறது, ஆனால் நேரில் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். கை மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ, தலைவலி தாங்க முடியாமல் போனாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

மற்றபடி கழுத்துப் பட்டையை வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டு அசையாமல் இருக்காதீர்கள். எலும்பில் கோளாறு இல்லை என்று உறுதியான பிறகு, வலி அனுமதிக்கிற அளவுக்கு மெல்ல மெல்லத் திருப்பிப் பழகுவதுதான் குணமாக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது பிடிக்கிறது என்றால் இப்போதைக்குக் கண்ணாடிகளைப் பார்த்து, தோளோடு சேர்த்துத் திரும்புங்கள். முழுசாகத் திரும்ப முடியாதவரை நெரிசலில் ஓட்டாமல் இருப்பது உங்களுக்கும் நல்லது, மற்றவர்களுக்கும் நல்லது.

முல்லைக்கொடி:

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தலையணையைக் கழற்றிவிட்டேன். ஒரு சந்தேகம். அன்று என் கணவர் பக்கத்து சீட்டில்தான் இருந்தார். 5 அடி 9. அவருக்கு ஒரு சின்ன வலிகூட இல்லை. “உனக்கு உடம்பு பலமில்லை” என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மையா?

சீட்டுக்காரர்:

அந்தப் பேச்சை மனசில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அவருடைய ஹெட்ரெஸ்ட் எந்த உயரத்தில் இருந்தது என்று முதலில் பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைக்கும். மீதிப் பாதி, உங்கள் மேல் தப்பே இல்லாத விஷயம். பின்மோதலில் பெண்களுக்குக் கழுத்துக் காயம் வரும் வாய்ப்பு ஆண்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகளில் வந்திருக்கிறது. கழுத்து மெலிது, எடை குறைவு, உட்காரும் விதமும் வேறு. எடை குறைந்தவர் சாய்ந்தால் சாய்மானம் தேவையான அளவு விட்டுக்கொடுக்காது, பதிலுக்குத் தள்ளிவிடும்.

சீட்டை ஏன் அப்படிச் செய்தார்கள்? நாங்கள் சீட்டில் உட்கார வைத்த பொம்மையின் பெயர் பயோரிட். மனிதருக்கு இருப்பது போலவே 24 முள்ளெலும்புகளைத் தனித்தனியாகக் கோத்த முதுகெலும்பு அதற்கு. அருமையான படைப்பு, ஸ்வீடனில் உருவானது. ஆனால் அது சராசரி ஆணின் உடம்பு, 78 கிலோ. சீட்டின் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் நுரையும் அந்த உடம்புக்காகவே சரிபார்க்கப்பட்டது. 19 வருடத்தில் உங்கள் அளவுள்ள ஒருவரை அந்தச் சீட்டில் வைத்து நான் சோதித்ததே இல்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2022ல்தான் ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் தலைமையிலான குழு, பின்மோதல் சோதனைக்கென்று சராசரிப் பெண்ணின் அளவில் ஒரு பொம்மையை அறிமுகப்படுத்தியது. 162 சென்டிமீட்டர், 62 கிலோ. வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

நல்ல சீட் என்ன செய்யும் என்பதையும் சொல்கிறேன். 1997ல் சாப் 9-5 காரில் வந்த ஹெட்ரெஸ்ட் தானே நகரும். முதுகு சாய்மானத்துக்குள் அழுந்தும்போது உள்ளே ஒரு தகடு தள்ளப்பட்டு, ஹெட்ரெஸ்ட் மேலேயும் முன்னேயும் வந்து தலையை ஏந்தும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், நம் எடையே வேலை செய்யும். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது. 1998ல் வால்வோ எஸ்80 வேறு வழியில் போனது. இடி வந்ததும் சாய்மானம் முழுவதுமாக உடம்போடு சேர்ந்து கொஞ்சம் பின்னால் நகர்ந்து, பிறகு சாய்ந்து, அடியின் வேகத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். இப்போது பலர் நகரும் பாகங்களை விட்டுவிட்டு, ஹெட்ரெஸ்டை முதலிலிருந்தே தலைக்கு நெருக்கமாக அமைத்துவிடுகிறார்கள். அதுவும் நல்ல வழியே.

பெல்ட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சீட் தள்ளிய பிறகு உடம்பு துள்ளி முன்னே வரும், அங்கே பிடிப்பது பெல்ட். கழுத்தின் முதல் வளைவை அதனால் தடுக்க முடியாது.

மறக்காமல் ஒன்று: இடி வாங்கிய சீட்டை சர்வீஸில் காட்டுங்கள். சில சீட்டுகளில் அடியை வாங்கி வளையும் பாகம் ஒரு முறைக்குத்தான். வளைந்துவிட்டால் மாற்றியாக வேண்டும்.

முல்லைக்கொடி:

இன்று காலை மகனை ஸ்கேலோடு நிற்க வைத்து அளந்தேன். முன்பு மாதிரியே சாய்ந்து, கொண்டையோடு உட்கார்ந்தால் இடைவெளி 13 சென்டிமீட்டர். மேல் விளிம்பு என் காது மடலுக்குக் கீழே இருந்தது. சீட்டை நிமிர்த்தி, ஹெட்ரெஸ்டை மூன்று கிளிக் ஏற்றி, பின்னலோடு உட்கார்ந்தால் 5. கணவரின் ஹெட்ரெஸ்ட், அவர் தொடாமலேயே, அவர் தலைக்குச் சரியான உயரத்தில் இருந்தது. அளந்து காட்டினேன். ஒன்றும் பேசாமல் என் சீட்டின் லீவரை அவரே சரிபார்த்தார்.

மகனுக்குப் பின் சீட்டில் முதுகில்லாத பூஸ்டர் (பெல்ட் சரியாக விழும்படி பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை). பின்னாலிருக்கும் ஹெட்ரெஸ்டை நாங்கள் கார் வாங்கியதிலிருந்து ஏற்றியதே இல்லை. அதையும் ஏற்ற வேண்டும்தானே?

சீட்டுக்காரர்:

ஆமாம், கட்டாயம். முதுகில்லாத பூஸ்டரில் உட்கார்ந்தால் பிள்ளையின் தலைக்குப் பின்னால் இருப்பது அது ஒன்றுதான். பின் சீட்டில் அது இறங்கியிருக்கும்போது சாய்மானத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும், சில கார்களில் முதல் கிளிக் வரும்வரை பூட்டே விழாது. முதுகுள்ள பூஸ்டர் வாங்கினால் மட்டும், ஹெட்ரெஸ்டை வைக்கலாமா கழற்ற வேண்டுமா என்று அதன் கையேட்டில் பாருங்கள், மாடலுக்கு மாடல் மாறும். ஏற்றிய பிறகு உள்ளங்கையால் மேலிருந்து ஒரு முறை நன்றாக அழுத்துங்கள். இறங்கக் கூடாது.