மறு: ஸ்லோ பிளே, ஸ்டாலிங் ரெண்டுக்கும் ஒரே சொல் ஆகாது

வணக்கம் நண்பர்களே,

கார்டு கேம் விதிகளுக்கான தமிழ்ச் சொல் பட்டியல்ல ஸ்லோ பிளே (கெட்ட நோக்கம் இல்லாம மெதுவா ஆடறது), ஸ்டாலிங் (வேணும்னே நேரத்தை ஓட்டறது) ரெண்டுக்கு நேராவும் "காலதாமதம்"னு போட்டிருக்கு. இதை இப்படியே விட்டா பின்னாடி வம்புதான், ஏன்னா மேஜிக் தி கேதரிங்ங்கற கார்டு கேமோட டோர்னமென்ட்ல ஸ்லோ பிளேவுக்கு வெறும் எச்சரிக்கை, ஸ்டாலிங்குக்கு ஆளை டோர்னமென்ட்டை விட்டே வெளிய அனுப்பிடுவாங்க. போதாக்குறைக்கு ரவுண்டு ஆரம்பிச்ச அப்புறம் மேஜைக்கு வந்து சேர்றதுக்குன்னு தனியா ஒரு தண்டனை இருக்கு, தாமதம்ங்கற சொல் அதுக்குத்தான் கச்சிதமா பொருந்தும், அதை அங்கயே விட்டுடலாம்.

> மெதுவா ஆடுனா மெதுவா ஆடுறதுதானே, மனசுல என்ன இருக்குன்னு பாத்தா பேர் வைப்பாங்க?

விதியே அதை வச்சுத்தான்ங்க பிரிக்குது. 50 நிமிஷ ரவுண்டு, மூணுல ரெண்டு கேம் ஜெயிக்கணும். நேரம் முடிஞ்சதும் அப்ப ஆடிட்டு இருக்கறவர் தன் முறைய (டர்னை) முடிச்சுக்கலாம், அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் சேத்து 5 முறை, அதுக்குள்ளயும் முடியலன்னா அந்த கேம் டிரா. இப்ப ஒருத்தர் முதல் கேமை ஜெயிச்சுட்டார், ரெண்டாவதுல செமத்தியா அடி வாங்கிட்டு இருக்கார், 8 நிமிஷம் பாக்கி இருக்குன்னு வைங்க. கையில ரெண்டு லேண்டு (மத்த கார்டை இறக்கத் தேவையான மானாங்கற சக்திய குடுக்கற கார்டு), வேற எதுவும் கிடையாது. அந்த ரெண்டு கார்டையும் இடது வலதுன்னு மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு, நெத்திய தேச்சுக்கிட்டு, எதிராளியோட கார்டு ஒண்ணை வாங்கிப் படிச்சுட்டு திருப்பிக் குடுத்துட்டு, மறுபடியும் கையப் பாக்கறார். யோசிக்க என்ன இருக்கு அதுல? ரெண்டாவது கேம் முடியாமப் போனா 1-0ன்னு மேட்ச் அவருக்கு. இதுதான் ஸ்டாலிங்.

அதே மேஜையில எதிர்ல இருக்கறவரும் மெதுவா ஆடலாம். 0-1 பின்தங்கி இருக்கார், எப்படித் தாக்குனா முடிக்கலாம்னு கணக்குப் போடுறார், எதிராளி கிரேவ்யார்டை (ஆட்டத்தை விட்டுப் போன கார்டுங்க குவியல்) எடுத்து எண்றார், வைக்கறார், ஒண்ணுமே மாறலன்னாலும் மறுபடி எடுத்து எண்றார். இவர் மெதுவா ஆடறதால நஷ்டம் இவருக்கேதான், ஏமாத்துற நோக்கம் துளிகூட இல்ல. ஆனாலும் இது குத்தம்தான், ஆட்டம் எவ்வளவு சிக்கலா இருந்தாலும் நியாயமான வேகத்துல ஆடணும்ங்கறதுதான் விதி, இத்தனை செகண்டுன்னு கணக்கு எதுவும் கிடையாது. எச்சரிக்கை குடுப்பாங்க, நேரம் தாண்டிப் போச்சுன்னா ஆளுக்கு ஒரு முறை கூடுதலா கிடைக்கும், அதாவது 5 முறை 7 ஆயிடும்.

பக்கத்துல நிக்கற ஜட்ஜுக்கு யார் மண்டைக்குள்ளயும் எட்டிப் பாக்க முடியாது. அதனால முதல்ல அவர் வாயில வர்ற சொல் பழி போடாத சொல்லா இருக்கணும், எனக்கு முக்கியமாப் படறது இதுதான்.

இதுவரைக்கும் வந்த பரிந்துரைகள்ல "நிதான ஆட்டம்" ஆகவே ஆகாது, தமிழ்ல நிதானம்னா பாராட்டு. "மந்த ஆட்டம்"னா புத்தியே மந்தம்னு திட்டுற மாதிரி கேக்குது. "மெத்தனம்"ல அலட்சியம் ஒட்டிக்கிட்டு இருக்கு, பாவம் கிரேவ்யார்டை மூணு தடவை எண்றவர் அலட்சியமாவா இருக்கார்?

ஸ்லோ பிளேவுக்கு என்னோட ஓட்டு சுணக்கம். வேலையில சுணக்கம்னு பேப்பர்ல தினம் வர்ற சொல்தான், யார் தப்புன்னு அது சொல்லாது. வினையாவும் நல்லா வருது, "சுணங்காம ஆடுங்க"ன்னு ஜட்ஜ் சொன்னா யாருக்கும் முகம் சுருங்காது. ஸ்டாலிங்குக்கு இழுத்தடிப்பு, இதுக்கு விளக்கமே வேண்டாம், வேணும்னே பண்றான்ங்கறது அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு. அதனாலதான் ரெண்டையும் கலக்கக் கூடாதுன்னு இவ்வளவு அடிச்சுக்கறேன், சும்மா குழம்பிப் போய் உக்காந்திருக்கற ஒருத்தர்கிட்ட போய் இழுத்தடிக்கிறீங்கன்னு சொன்னா அவரை ஏமாத்துக்காரர்னு சொன்னதா ஆயிடும்.

> ஆன்லைன் ஆட்டத்துல இந்தப் பிரச்சினையே இல்லையே, கடிகாரம் பாத்துக்கும்ல?

பாதி சரி. மேஜிக் ஆன்லைன்ல செஸ் மாதிரி ஆளுக்கு 25 நிமிஷம், யாரோட கடிகாரம் தீருதோ அவர் மேட்ச்சையே தோத்துடுவார், அங்க இழுத்தடிச்சா சொந்தக் காசுல சூனியம். ஆனா ஹார்த்ஸ்டோன்ங்கற ஆன்லைன் கார்டு கேம்ல முறைக்கு 75 செகண்டு, கடைசியில ஒரு கயிறு எரிஞ்சுக்கிட்டே வரும், ஒவ்வொரு முறையும் அதை முழுசா எரிய விட்டு எதிராளிய வெறுப்பேத்துற ஆளுங்க இருக்காங்க. அதை ரோப்பிங்னு சொல்றாங்க. "கயிறு விடுறது"ன்னு வச்சா கதை விடுற மாதிரி ஆயிடும், "திரியெரிப்பு" பரவாயில்லையான்னு பாருங்க.

இன்னொண்ணு, ஆள் மேல தப்பே இல்லாம கார்டாலயே ஆட்டம் நீள்றது. மேஜிக்ல எந்தெந்த கார்டை ஆடலாம்னு பிரிக்கற ஃபார்மட்டுகள்ல ஒண்ணான லெகசில 2017ல சென்சேய்ஸ் டிவைனிங் டாப்ங்கற கார்டைத் தடை பண்ணதுக்கு அதை வச்சு ஆடுன டெக்கோட (கார்டுக் கட்டோட) ஆதிக்கம் ஒரு காரணம், நேரத்தைத் தின்னது இன்னொரு காரணம். ஒரு மானா குடுத்தா டெக்கோட மேல் மூணு கார்டைப் பாத்து வரிசை மாத்தலாம், அதையும் ஒரே முறையில எத்தனை தடவை வேணாலும், பாத்துட்டு ஷஃபிள் பண்ணிட்டு மறுபடியும் பாக்கலாம். 2013ல மாடர்ன்ங்கற ஃபார்மட்ல செகண்ட் சன்ரைஸ்ங்கற கார்டைத் தடை பண்ணதும் நேரப் பிரச்சினையாலதான், ஒருத்தரோட ஒரே முறை போயிக்கிட்டே இருக்கும், எதிராளி கைய கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கணும். இதையெல்லாம் சுணக்கத்துல சேக்காதீங்க, "நெடுமுறை"ன்னு தனியா குறிக்கலாம். அப்புறம் டர்ன்னா முறை, ரவுண்டுன்னா சுற்று, பட்டியல்ல ரெண்டு எடத்துல மாறிக் கெடக்கு, யாராச்சும் திருத்திடுங்க.

கடைசியா, டெம்போவுக்கு "வேகம்"னு யாரோ போட்டிருக்காங்க. நேரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எதிராளி நாலு மானா செலவு பண்ணி இறக்குன கிரியேச்சரை (சண்டை போடற கார்டை) நான் ஒரு மானா ஸ்பெல்லால அவர் கைக்கே திருப்பி அனுப்பறேன், அவர் அடுத்த முறை பூரா அதையே மறுபடி இறக்குறதுல போயிடும், எனக்கும் நாலு மானா இருந்தா மிச்சம் மூணுல நான் வேற வேலை பாத்திருப்பேன், அதுதான் டெம்போ. நல்லா மெதுவா யோசிச்சு ஆடியும் டெம்போல முந்தலாம். சரியான சொல் கிடைக்கற வரைக்கும் டெம்போன்னே இருக்கட்டும்.