பருவமழை ஓய்வு நாள்கள்: புள்ளியியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவ முடியுமா?

மும்பைத் தமிழ் உறவுகளுக்கு வணக்கம். செம்பூரில் இருக்கிறோம். என் தங்கை எம்.எஸ்சி. புள்ளியியல் கடைசி ஆண்டு. பருவமழை ஏன் சில நாள் கொட்டி, சில நாள் ஓய்கிறது என்பதுதான் அவள் புராஜெக்ட்.

அடிப்படை புரிகிறது. தாழ்வழுத்தப் பள்ளம் (காற்றழுத்தம் குறைந்த நீண்ட பட்டை) மத்திய இந்தியாவில் கிடந்தால் அங்கே நல்ல மழை. அது இமய அடிவாரத்துக்கு ஏறிவிட்டால் அங்கே வெள்ளம், இங்கே துணி காயும், தமிழ்நாட்டில் மாலை இடிமழை. வேலூரிலிருந்து அம்மா "வடகம் நனைஞ்சு போச்சு"ன்னு போன் பண்ணினால், இங்கே பெரும்பாலும் வெயில்தான்!

சிக்கல் கணக்கில். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் 850 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்தின் காற்றுத் தரவை (சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம்) கே-மீன்ஸ் முறையில் பிரிக்கிறாள். ஒரே மாதிரியான நாள்களை ஒரு குழுவாகச் சேர்க்கும் முறை அது; எத்தனை குழு என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். மூன்று குழு என்றால் ஓய்வு நாள்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஐந்து என்றால் எல்லாம் கலங்கிவிடுகிறது. எத்தனை என்று எதை வைத்து முடிவு செய்வது? 30–60 நாள் அலைவை (அந்தக் கால அளவில் மழை கூடிக் குறைவதை) முதலில் வடிகட்டச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவும் இடமே மழுங்கிப் போகாதா? எனக்கென்னவோ மறை மார்க்கோவ் மாதிரிதான் (hidden Markov model; நேரில் தெரியாத சில நிலைகளுக்கிடையே நாள்கள் தாவுவதாக எடுத்துக்கொள்ளும் கணக்கு) இதற்குச் சரி என்று படுகிறது.

புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் யாருக்காவது ஆள் தெரியுமா? ஞாயிறு அரை மணி நேரம் போனில் பேசினாலே போதும். நேரில் வந்தால் ஃபில்டர் காபி உண்டு.