கிளிநொச்சி வெக்கையில இத்தாலி வைன்: தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. இத்தாலியில பலெர்மோவில இருந்து வந்த மச்சான் மூண்டு போத்தல் வைன் கொண்டந்தவன்: புரோசெக்கோ, பிறகு சிவப்பு வைன் ரெண்டு, கியாந்தியும் பரோலோவும். ஞாயிறு பின்னேரம் பரந்தனில அஞ்சு பேர் கூடிச் சுவைச்சுப் பாக்கப்போறம். இதுவரை கள்ளுதான் எங்கட படிப்பு.

நுரைக்கிற புரோசெக்கோ முதல், நெபியோலோ எண்ட திராட்சைப் பழத்துப் பரோலோ கடைசி எண்டு தெரியும். ஆனா சிவப்பு வைனுக்கு 16–18 பாகை வேணுமாம். இஞ்ச வீட்டுக்குள்ளயே 33! பிரிட்ஜில எவ்வளவு நேரம் வைக்கிறது?

பெரிய சிக்கல் வேற. அவசரக்காரன் ஒருத்தன் கியாந்தித் தக்கையை ஸ்குரூ ஆணியால நோண்டி, பாதி உள்ளுக்க தூளாக் கிடக்கு. தேத்தண்ணி வடியால வடிச்சாக் காணுமோ? ஞாயிறு வரைக்கும் புளிக்காமல் கிடக்குமோ?

நண்டுக்கறி உறைப்போட எதைக் குடிக்கலாம் எண்டும் சொல்லுங்கோ.