பட்டன் இருக்கிறது மாமா!

குழு: ஆனைமலையார் வீடு

சனி

கார்த்திக், காலை 7:42
(படம்) என் கார், போர்ஷே பாக்ஸ்டர் எஸ்ஸின் பின் டயர். விலாவில் மயிரிழை போல வெடிப்பு தெரிகிறது. நேற்று மழையில் அவினாசி சாலையில் திரும்பும்போது பின்பக்கம் லேசாக வழுக்கியது. ஆனால் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடு, இருக்கிறது. அளந்தும் பார்த்துவிட்டேன், 4 மி.மீ. மாற்றத்தான் வேண்டுமா?

அம்மா, 7:44
முதலில் வண்டியை வெளியே எடுக்காதே.

சுந்தரம் மாமா, 7:51
விலாவில் டிஓடி என்று தொடங்கும் வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு எண்களைச் சொல்.

கார்த்திக், 7:58
2314

சுந்தரம் மாமா, 7:59
2014ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். உன் மகளுக்கு மூத்த டயர், மாப்பிள்ளை.

கார்த்திக், 8:01
எனக்கு விற்றவர் வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை என்றார். அதை நம்பித்தானே 2011 வண்டியைத் துணிந்து வாங்கினேன்.

சுந்தரம் மாமா, 8:04
அதுதான் சிக்கலே. என் லாரி டயர் ஓடித் தேய்ந்து சாகும். உன் வண்டி டயர் நின்ற இடத்திலேயே சாகும். கட்டைவிரல் நகத்தால் பட்டனை அழுத்திப் பார். நல்ல ரப்பர் கொஞ்சம் இடம் கொடுக்கும்.

கார்த்திக், 8:07
நகம்தான் மடங்குகிறது.

அம்மா, 8:08
வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்கத் தெரிகிறது. வண்டியை அப்படிப் பார்த்து வாங்கத் தெரியவில்லை.

வித்யா, 8:09
அத்தை, வெண்டைக்காயும் நான்தான் வாங்குகிறேன்.

சுந்தரம் மாமா, 8:15
4 மி.மீ. என்றாயே, எந்த இடத்தில் அளந்தாய்?

கார்த்திக், 8:16
வெளி ஓரத்தில். அங்கேதான் கை போகிறது.

சுந்தரம் மாமா, 8:16
படுத்துக்கொண்டு உள் ஓரத்தைப் பார்.

கார்த்திக், 8:39
(படம்) மொட்டை. உள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வழுவழுவென்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் துளியும் தெரியவில்லை.

சுந்தரம் மாமா, 8:41
சட்டம் 1.6 மி.மீ. கேட்கிறது. உன்னிடம் அதுவும் இல்லை. இந்த மாதிரி வண்டிகளில் பின்சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கும். வளைவில் பிடிப்பு வேண்டும் என்று கம்பெனியே அப்படி வைக்கிறது. அதனால் உள் ஓரம் முதலில் போகும். இங்கே சாய்வு அளவுக்கு மீறியும் இருக்கலாம். புது டயர் போட்ட கையோடு நான்கு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் பார். இல்லாவிட்டால் புதிதும் இதே வழியில் போகும்.

அப்பா, 9:10
எம்ஆர்எஃப் போட்டால் என்ன? 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்து ஆரம்பித்தவர்கள். நம் ஊர்க் கம்பெனி.

கார்த்திக், 9:14
நான் விசாரித்த கடைகளில் இந்த அளவில் இல்லை அப்பா. முன்னால் 235/40, பின்னால் 265/40, இரண்டும் 18 அங்குலம். முன்னும் பின்னும் வேறு வேறு என்பதால் டயரை இடம் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் வழியில்லை.

மீனாட்சி அக்கா, 9:30
எவ்வளவு?

கார்த்திக், 9:31
நான்குக்கும் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது.

மீனாட்சி அக்கா, 9:31
ஸ்கூட்டர் விலை, தம்பி. சுங்க முகவர் அலுவலகத்தில் இருப்பதால் சொல்கிறேன்: 2020 ஜூனிலிருந்து புது டயர் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. அரிய அளவு என்றால் கடைக்காரர் சொல்வதுதான் விலை.

கார்த்திக், பகல் 12:20
கடையில் நிற்கிறேன். பின்னுக்கு 265/40 கையிருப்பில் இல்லையாம். 265/35 போட்டுக்கொள்ளுங்கள், அகலம் ஒன்றுதானே என்கிறார். இல்லையென்றால் வெளிநாட்டில் ஓடி வந்த பழைய டயர், 6 மி.மீ. பட்டனுடன், பாதி விலைக்கு.

சுந்தரம் மாமா, 12:21
பழையது வேண்டவே வேண்டாம். எந்தப் பள்ளத்தில் விழுந்து உள்ளே நூல் அறுந்ததோ, எங்கே பஞ்சர் ஒட்டியதோ, யாருக்குத் தெரியும்? என் லாரிக்கு ரீட்ரெட் (தேய்ந்த டயருக்கே புதுப் பட்டன் ஒட்டியது) போடுகிறேன் என்றால், அந்த டயர் முதல் நாளிலிருந்து என் கண் முன்னால் ஓடியது.

அருண் (ஸ்டுட்கார்ட்), 12:26
அண்ணா, 265/35 போடாதீர்கள். 265 என்பது அகலம், 40 என்பது அதில் எத்தனை சதவீதம் விலாவின் உயரம் என்பது. 265இல் 40 சதவீதம் 106 மி.மீ., 35 என்றால் 93தான். மேலே 13, கீழே 13, விட்டத்தில் 26 மி.மீ. குறைகிறது. பின்சக்கரம் மட்டும் 4 சதவீதம் சிறுத்தால், நான்கு சக்கரங்களின் சுழற்சியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏபிஎஸ் பிரேக் குழம்பும்.

அருண், 12:28
இன்னொன்று. விலாவில் என்0, என்1 என்று குறி இருக்கிறதா பாருங்கள். போர்ஷே சோதித்து ஒப்புக்கொண்ட டயர் என்று பொருள். எண் எதுவானாலும் சரி, நான்கும் ஒரே கம்பெனி, ஒரே வகையாக இருக்கட்டும். ஆறு வருடத்துக்கு மேல் டயரை வைத்திருக்க வேண்டாம் என்பதும் அவர்கள் சொல்வதுதான்.

கார்த்திக், 12:31
வேகக் குறியீடு டபிள்யூ போதுமா? அது கொஞ்சம் மலிவு.

அருண், 12:33
டபிள்யூ 270 கி.மீ. வரை. உங்கள் வண்டியின் உச்ச வேகம் 274. ஒய் வேண்டும், அது 300 வரை.

சுந்தரம் மாமா, 12:34
காந்திபுரம் சிக்னலில் 274 போகிறானா? சரி, ஒய்யே வாங்கு. அந்த நான்கு கிலோமீட்டருக்காக அருணோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

வித்யா, 12:36
வண்டியில் ஸ்டெப்னியும் இல்லை. பஞ்சரானால் ஊற்ற ஒரு பாட்டில் பசையும் குட்டி கம்ப்ரசரும்தான் வைத்திருக்கிறார்கள். நாம் போகப்போகிற வால்பாறை மலையில் 40 கொண்டை ஊசி வளைவு. நான்காவது வளைவிலேயே மகள் வாந்தி எடுப்பாள், அதற்கு ஏதாவது குறியீடு உண்டா?

கார்த்திக், மாலை 6:05
சென்னையில் ஒருவரிடம் நான்கும் ஒரே வகையில், அருண் சொன்ன அந்த ‘என்’ குறியோடு இருக்கிறதாம். முன்பணம் கட்டிவிட்டேன். வியாழக்கிழமை லாரி பார்சலில் வரும்.

சுந்தரம் மாமா, 6:06
மாட்டுகிறவரிடம் இரண்டு விஷயம் சொல். ஜாக்கியை அதற்கென்று இருக்கும் இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கி முடிக்கக் கூடாது. கடைசி முறுக்கு, முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்சில், 130 நியூட்டன் மீட்டர். வண்டிப் புத்தகத்தில் பார்த்துவிட்டேன். பக்கத்திலேயே நில். டீ குடிக்கப் போகாதே.

வியாழன்

கார்த்திக், காலை 10:48
(படம்) (படம்) (படம்) வந்துவிட்டது! 1125, 1125, 1825. எல்லாம் இந்த வருடத்தது. திங்கட்கிழமை வால்பாறை உறுதி.

அம்மா, 10:49
எலுமிச்சம்பழம் எடுத்து வைக்கிறேன்.

சுந்தரம் மாமா, 10:50
நான்கு டயர், மூன்று படம்.

கார்த்திக், 10:57
அது அடியில் இருக்கிறது மாமா.

சுந்தரம் மாமா, 10:57
மேலே எடு.

கார்த்திக், 11:06
3921

மீனாட்சி அக்கா, 11:07
2021ஆ?

சுந்தரம் மாமா, 11:09
நான்கு வருடம் கிடங்கில் கிடந்ததைப் புது விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பின் அச்சில் ஒன்று இளசு, ஒன்று முற்றல். மாட்டாதே. மாட்டிவிட்டால் திரும்ப வாங்க மாட்டார்கள். எண் தெரியும்படி படமும் பில்லும் அவர்களுக்கு இப்போதே அனுப்பு.

கார்த்திக், 11:52
பேசிவிட்டேன். முதலில் மழுப்பினார்கள், பிறகு மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். பத்து நாள் ஆகும்.

அப்பா, 11:53
அப்படியானால் திங்கட்கிழமை?

சுந்தரம் மாமா, 11:55
உங்கள் அம்பாசடரில் போங்கள் அத்தான். நான்கு டயரும் போன தை மாதம் நான் வாங்கிப் போட்டது.