அக்காவிடம் விடுதலைப் பத்திரம் வாங்கலாமா?

வாழப்பாடி விவசாயி:
அப்பா காலமாகி ஒரு வருடம் ஆகிறது. 3 ஏக்கர், முழுக்க மரவள்ளி. பாகம் பிரிக்கப் போகிறோம். அக்காவிடம் 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடு என்கிறார்கள் சித்தப்பாக்கள். அக்கா, மச்சான் அடி தாங்காமல் இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்தவர். இரண்டு முறையும் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பியது நாங்கள்தான். அது என்னை அரிக்கிறது. அவர் பங்கை அவருக்கே கொடுக்கலாம் என்கிறேன், வீட்டில் சண்டை. என்ன சொல்கிறீர்கள்?

ஓமலூர் அண்ணன்:
தம்பி, வேண்டாம். நகை போட்டு, சீர் செய்து, காதுகுத்து வரைக்கும் பார்த்திருப்பீர்கள். பங்கு என்று பேச்சு வந்தால் போக்குவரத்து நின்றுவிடும். அப்புறம் அடி வாங்கினால் அவர் எங்கே வருவார்? நிலத்தைக் கொடுத்தாலும் மச்சான் மிரட்டிக் கையெழுத்து வாங்கி விற்றுவிடுவார். என் சொந்தத்திலேயே நடந்திருக்கிறது. முதலில் அடியை நிறுத்துங்கள். அதற்குத்தான் போலீஸ் இருக்கிறது.

சேலம் கோர்ட்டுக்காரி:
நீங்கள் 'கொடுக்க' இதில் எதுவும் இல்லை, அது அவருடையது. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், அவர் சம்பாதித்த நிலத்தில் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்குச் சம பங்கு. பூர்வீக நிலம் என்றால் தமிழ்நாட்டில் 1989லேயே உரிமை வந்துவிட்டது, அப்போதே மணமாகியிருந்த மகள்கள் மட்டும் விலக்கு. 2005 மத்தியச் சட்டம் அந்த விலக்கையும் எடுத்துவிட்டது.

ஓமலூர் அண்ணனுக்கு ஒன்று. பீனா அகர்வால், பிரதீப் பாண்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஓர் ஆய்வு செய்து 2005ல் வெளியிட்டார்கள். நிலமும் வீடும் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் அடி உதைக்கு ஆளாகியிருந்தார்கள். நிலம் மட்டும் இருந்தவர்களில் 18, வீடு மட்டும் இருந்தவர்களில் 10, இரண்டும் இருந்தவர்களில் 7. போக இடம் இருக்கிறவளை அடிக்கக் கை அவ்வளவு சுலபமாக ஓங்காது.

ஓமலூர் அண்ணன்:
அது கேரளா. சொத்து இருந்ததால் அடி குறைந்ததா, படிப்பும் நல்ல குடும்பமும் இருந்ததாலா?

சேலம் கோர்ட்டுக்காரி:
நியாயமான கேள்விதான். படிப்பு, வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது.

ஏற்காடு குழுத்தலைவி:
எங்கள் மலையில் காப்பி பறிக்கிற பெண்கள் எல்லோரும் சம்பாதிக்கிறார்கள். மகளிர் குழுக்கடனும் அவர்கள் பெயரில்தான். ஆனால் பணத்தைச் செலவழிப்பது வீட்டுக்காரர், தவணை கட்டுவது அவள், தவணை தவறினால் அடியும் அவளுக்கு. அதனால் 'பெயரில் இருந்தால் போதும்' என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரவு 11 மணிக்குக் கீழே இறங்க பஸ் கிடையாது. பெண்கள் உதவி எண் 181க்கு போன் செய்யச் சொல்கிறோம், அந்த போனும் அவர் கையில்.

இன்னொன்று, பழங்குடியினருக்கு அந்த 1956 சட்டம் நேரடியாகப் பொருந்தாது. எங்கள் மலையாளிப் பழங்குடிப் பெண்களிடம் 'உனக்குப் பங்கே இல்லை' என்றுதான் சொல்லி வந்தார்கள். 2023ல் சென்னை உயர் நீதிமன்றம் பழங்குடிப் பெண்களுக்கும் சம பங்கு உண்டு என்றது. ஊருக்குள் எத்தனை பேருக்கு அது தெரியும்?

சரி தம்பி, அக்கா என்ன கேட்கிறார்? இவ்வளவு பேசிவிட்டோம், அதை யாரும் கேட்கவில்லையே.

ஓமலூர் அண்ணன்:
கொடுப்பது என்றால் கூட்டுப்பட்டாவில் விடாதீர்கள். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குங்கள். வண்டிப்பாதையும் கிணற்று முறைத்தண்ணீரும் பத்திரத்தில் வரட்டும். அடி நிற்கும் என்று எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

வாழப்பாடி விவசாயி:
நேற்று அக்காவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "காட்டுப் பங்கு அப்புறம் பார்க்கலாம். கிணற்றுமேட்டில் எனக்கு ஓர் அறை வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் வைத்து" என்றார். இரண்டையும் எழுதுகிறோம். சித்தப்பாக்களுக்குச் சொல்லியாகிவிட்டது.