கர்ப்பிணிக்கு இதயத் துடிப்பு நின்றால்: சாய்ப்பதா, மல்லாக்க வைப்பதா?

லேபர் வார்டு செவிலியர்:
30 வாரக் கர்ப்பிணி, நாடி இல்லை, மூச்சு இல்லை. வலது இடுப்புக்கு அடியில் தலையணை வைத்துச் சாய்த்து சிபிஆர் (மார்பை அழுத்தி, மூச்சு கொடுத்து உயிர்மீட்பது) செய்யவேண்டும் என்கிறார்கள் சிலர்; மல்லாக்க வைத்துத்தான் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? ஆபரேஷன் தியேட்டருக்கு எப்போது மாற்றுவது?

மயக்கவியல் மருத்துவர்:
மல்லாக்கத்தான், அடியில் கெட்டியான பலகையோடு. சாய்த்தால் மார்பு அழுத்தத்தின் பலம் குறையும், உடம்பும் நழுவும்.

ஆனால் கர்ப்பப்பை தொப்புள் உயரத்திலோ அதற்கு மேலோ இருந்தால் (ஏறக்குறைய 20 வாரம்), அது கீழ்ப்பெருஞ்சிரையை (உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய ரத்தக்குழாய்) அமுக்கி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தை மறிக்கும். அதை விலக்குவதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். கர்ப்பிணியின் இடப்பக்கம் நிற்பவர் இரண்டு கையாலும் கர்ப்பப்பையைத் தூக்கித் தன் பக்கம் இழுக்கவேண்டும். வலப்பக்கம் நிற்பவர் ஒரு கையால் மேலே தூக்கி இடப்பக்கம் தள்ளவேண்டும். பதற்றத்தில் கீழ்நோக்கி அமுக்கிவிட்டால் சிரை இன்னும் நெரிபடும். இதைக் கண்காணித்துக்கொண்டே இருங்கள்.

மற்றதெல்லாம் வழக்கம்போல: மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் 5–6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100–120. இதயத்துக்குக் கொடுக்கும் மின் அதிர்ச்சியின் (ஷாக்) ஜூல் அளவும் மாறாது. ஷாக் கொடுக்க ஒட்டும் பேடுகளில் பக்கவாட்டில் வருவதை மார்பகத்துக்கு அடியில் ஒட்டுங்கள். அட்ரினலின் 1 மி.கி., 3–5 நிமிடத்துக்கு ஒருமுறை. ஊசிவழி கையில் இருக்கட்டும். காலில் போட்டால் அமுங்கிய சிரையைத் தாண்டி மருந்து இதயத்துக்கு வராமல் போகலாம். கர்ப்பிணிக்கு ஆக்சிஜன் வெகு சீக்கிரம் தீரும், 100% கொடுங்கள். மூச்சுப்பாதையில் குழாய் போடுவதை அனுபவமுள்ளவர் செய்யட்டும், 6–7 மி.மீ. அளவில்; தொண்டை வீங்கியிருக்கும்.

மகப்பேறு மருத்துவர்:
தியேட்டருக்கு மாற்றவே வேண்டாம். தூக்கிக்கொண்டு போகும் வழியில் அழுத்தம் சரியாக நடக்காது, நேரமும் போய்விடும். நாடி நின்றது தெரிந்தவுடனே சிசேரியனுக்கு ஆளைக் கூப்பிடுங்கள். 4 நிமிடத்தில் நாடி திரும்பவில்லையா, படுத்திருக்கும் இடத்திலேயே கீறுங்கள். 5-ஆவது நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வரவேண்டும். கத்தி இருந்தால் போதும். ஸ்க்ரப் (கைகளைத் தேய்த்துக் கழுவுவது), முழுத் துணிவிரிப்பு எதற்கும் காத்திருக்காதீர்கள். குழந்தையின் துடிப்பைத் தேடவும் வேண்டாம்; கர்ப்பப்பையைக் காலி செய்வது முதலில் தாயைக் காப்பாற்றத்தான். கீறும்போதும் சிபிஆர் நிற்கக்கூடாது, குழந்தை வெளியே வரும்வரை இடப்பக்க இழுப்பும் தொடரவேண்டும். குழந்தைக்குத் தனிக் குழு தயாராக இருக்கட்டும்.

இன்னொன்று: நாடி திரும்பியதும், அதுவரை வராத ரத்தம் கர்ப்பப்பையிலிருந்து கொட்டத் தொடங்கும். ரத்தத்துக்கு முன்பே சொல்லிவையுங்கள். கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசினை மெதுவாகவே ஏற்றுங்கள். மொத்தமாக ஏற்றினால் பிபி மறுபடி சரியும்.

லேபர் வார்டு செவிலியர்:
வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் ட்ரிப் ஓடிக்கொண்டிருந்தால்?

மயக்கவியல் மருத்துவர்:
மெக்னீசியம் மிகுந்து இதயம் நின்றிருக்கலாம். உடனே நிறுத்தி, அதை முறிக்க 10% கால்சியம் குளுக்கோனேட் 30 மி.லி. நரம்பில் கொடுங்கள். ரத்தத்தில் மெக்னீசியம் எவ்வளவு என்ற முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதுகில் மரப்பு ஊசி போட்ட பிறகு நின்றிருந்தால் மரப்பு மருந்தின் நச்சையும் நினையுங்கள்: 20% லிப்பிட் எமல்ஷன் (நரம்பில் ஏற்றும் கொழுப்புக் கலவை), கிலோவுக்கு 1.5 மி.லி.